ஒரு வேளைச் சாப்பாட்டை முழுசாகப் பாருங்கள்: பெருமூளை வாதக் குழந்தைகளின் உண்ணும், குடிக்கும் திறனை மதிப்பிட ஒரு வழிகாட்டி

சாப்பிடும்போது யாருக்காவது புரையேறினால், யாரோ நினைக்கிறார்கள் என்போம். உச்சந்தலையில் இரண்டு தட்டு தட்டி, ஒரு மடக்குத் தண்ணீர் கொடுப்போம். பெருமூளை வாதம் (செரிப்ரல் பால்சி, மூளை பாதிப்பால் உடம்பின் அசைவைக் கட்டுப்படுத்துவதில் வரும் குறைபாடு) உள்ள குழந்தைக்கு இதில் எதுவும் உதவாது. தண்ணீர்தான் பல குழந்தைகளால் சமாளிக்கவே முடியாத பொருள். புரையேறிய நேரத்தில் அதையே வாயில் ஊற்றினால் நிலைமை மோசமாகும். புரையே ஏறாத குழந்தைகளைப் பற்றியும் கவலைப்பட வேண்டியிருக்கிறது. உணவு மூச்சுக்குழாய்க்குள் போனாலும் சில குழந்தைகளுக்கு இருமல் வராது. சத்தமே இல்லாமல் உள்ளே இறங்கும்.

சென்னையின் சிறப்புப் பள்ளிகளிலும் தெரபி சென்டர்களிலும் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆசிரியர்கள், தெரபிஸ்ட்கள், வீடுகளுக்குப் போய்ப் பார்க்கும் களப்பணியாளர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பெற்றோரும் படிக்கலாம். நான் வடசென்னையில் பல வருஷமாக வீடுவீடாகப் போகும் ஸ்பீச் தெரபிஸ்ட்.

கேள்வி ஒன்றல்ல, இரண்டு

"நல்லா சாப்பிடுவான் மேடம்" என்று ஓர் அம்மா சொன்னால் அதற்குப் பல அர்த்தம் உண்டு. கொடுத்ததைத் துப்புவதில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். சீக்கிரம் முடித்துவிடுகிறான் என்று இருக்கலாம். அழுவதில்லை என்றும் இருக்கலாம். நாம் அதை இரண்டு கேள்விகளாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, பத்திரமாகச் சாப்பிடுகிறதா? தொண்டையில் அடைத்து மூச்சு நிற்கும் ஆபத்து இருக்கிறதா, உணவோ தண்ணீரோ எச்சிலோ நுரையீரலுக்குள் இறங்கும் ஆபத்து இருக்கிறதா என்று பார்ப்பது இது. இரண்டாவது, சிரமமில்லாமல் சாப்பிடுகிறதா? எவ்வளவு நேரம் ஆகிறது, குழந்தை களைத்துப்போகிறதா, வாயிலிருந்து எவ்வளவு வழிந்து வெளியே போகிறது என்பது இது.

இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் தவறு செய்வோம். ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டாலும் பத்திரமாகச் சாப்பிடும் குழந்தைகள் இருக்கிறார்கள். ஐந்தே நிமிஷத்தில் ஒரு கிண்ணம் கூழைக் குடித்து முடித்து, அதில் கொஞ்சம் நுரையீரலுக்கும் அனுப்பும் குழந்தைகளும் இருக்கிறார்கள். வேகமாகச் சாப்பிடும் குழந்தை நம்மை எளிதில் ஏமாற்றிவிடும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் ஒரு சிறுவனுக்கு சென்டரிலேயே ஒரு பிஸ்கெட்டும் இரண்டு ஸ்பூன் தண்ணீரும் கொடுத்துப் பார்த்து, "பிரச்சினை இல்லை" என்று எழுதிவிட்டேன். அடுத்த மாதமே அவன் நிமோனியாவுடன் ஆஸ்பத்திரியில் இருந்தான். வீட்டில் அவனுக்கு மடியில் படுக்கவைத்து, நீர்க்க ரசம் ஊற்றிய சாதத்தை ஆயா ஊட்டியிருக்கிறார். நான் பார்த்தது இரண்டு நிமிஷம். அவன் தினமும் சாப்பிட்டது வேறு உணவு, வேறு நிலை, வேறு கை. அன்றிலிருந்து ஒரு வேளைச் சாப்பாட்டை முதல் வாயிலிருந்து கடைசி வாய் வரை பார்க்காமல் எதையும் எழுதுவதில்லை.

தட்டு வருவதற்கு முன்பு கேட்க வேண்டியவை

சாப்பாட்டு நேரத்துக்கு அரைமணி முன்னதாகவே போய்விடுங்கள். கடந்த ஒரு வருஷத்தில் எத்தனை முறை நெஞ்சில் சளி கட்டியது, எத்தனை முறை ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள், ஆஸ்பத்திரியில் சேர்த்தார்களா என்று முதலில் கேளுங்கள். அடிக்கடி வரும் நெஞ்சுச் சளியை "சீதளம்" என்று சொல்லிப் பல வீடுகளில் விட்டுவிடுகிறார்கள். அது உணவு உள்ளே இறங்குவதன் அடையாளமாக இருக்கலாம்.

வலிப்பு மருந்துச் சீட்டை வாங்கிப் பாருங்கள். குளோனசெபாம் போன்ற மருந்துகள் தூக்கத்தைத் தருவதோடு எச்சிலையும் கூட்டும். டோபிரமேட் பசியைக் குறைக்கும். மருந்து கொடுத்த அரைமணியில் ஊட்டுகிறார்களா, விழித்திருக்கும் நேரத்தில் ஊட்டுகிறார்களா என்பது முக்கியம். மருந்தை மாற்றச் சொல்வது நம் வேலை இல்லை. ஆனால் நேரத்தைக் குறித்துக்கொண்டு டாக்டருக்குச் சொல்லலாம்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை மலம் போகிறது, சாப்பிட்டபின் எதுக்களிக்கிறதா, முதுகை வில்லாக வளைத்து அழுகிறதா, பல் சொத்தை இருக்கிறதா என்றும் கேளுங்கள். வயிறு கட்டிய குழந்தைக்குப் பசிக்காது. பல் வலிக்கும் குழந்தை வாயைத் திறக்காது. அதை அடம் என்று எழுதிவைக்கக் கூடாது.

அப்புறம் எடை. நிற்க முடியாத குழந்தையை அம்மா தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறட்டும், பிறகு அம்மாவின் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். உயரத்தை அளக்க உடம்பு நேராக நிற்காது என்பதால் முழங்கால் உயரத்தை எடுப்பார்கள். முழங்காலையும் கணுக்காலையும் செங்கோணத்தில் மடக்கி, குதிகாலின் அடியிலிருந்து முழங்காலின் மேற்புறம் வரை சென்டிமீட்டரில் அளந்து, அதை 2.69ஆல் பெருக்கி 24.2ஐக் கூட்டினால் ஓரளவு சரியான உயரம் கிடைக்கும். 12 வயது வரையிலான குழந்தைகளுக்கு உருவாக்கிய கணக்கு இது. முழங்கால் உயரம் 30 என்றால் 80.7 கூட்டல் 24.2, ஆக 104.9 செ.மீ. மூன்று மாதமாக எடை ஏறாத குழந்தையைப் பற்றிக் கவலைப்பட அதற்குமேல் காரணம் தேவையில்லை.

உட்காரும் விதம்

நம் ஊரில் கைக்குழந்தைக்குச் சங்கிலும் பாலாடையிலும் புகட்டிப் பழகிய கை, குழந்தை எட்டு வயதானாலும் அதே மாதிரி மடியில் கிடத்தி, தலையைப் பின்னால் சாய்த்து ஊற்றுகிறது. தலை பின்னால் போகும்போது விழுங்குவது கஷ்டமாகிறது, மூச்சுக்குழாய் திறந்து கொடுக்கிறது. வாயில் விழுந்ததை நாக்கு கட்டுப்படுத்துவதற்குள் அது தானாகவே தொண்டைக்குள் வழிந்துவிடும்.

முதலில் அவர்கள் எப்படி ஊட்டுகிறார்களோ அப்படியே ஊட்டச் சொல்லிப் பாருங்கள், உடனே திருத்த வேண்டாம். வழக்கமான நிலையைத்தான் நாம் மதிப்பிட வந்திருக்கிறோம். பாதிச் சாப்பாட்டுக்குப் பின், அம்மா சம்மதித்தால், நிலையை மாற்றிப் பாருங்கள். இடுப்பு நன்றாகப் பின்னால் தள்ளி, முதுகு நேராக, பாதம் தரையிலோ பலகையிலோ பதிந்து, தாடை லேசாகக் கீழே இறங்கியிருக்க வேண்டும். சிறப்பு நாற்காலி இல்லையென்றால் கைவைத்த பிளாஸ்டிக் நாற்காலியில் இரண்டு பக்கமும் சுருட்டிய துண்டை வைக்கலாம், காலடியில் பலகையோ கட்டிய பழைய பேப்பரோ வைக்கலாம். வியாசர்பாடியின் ஒற்றை அறை வீடுகளில் இதைவிட எளிதான வழி எனக்குக் கிடைத்ததில்லை.

ஊட்டுபவரின் உட்காரும் உயரத்தையும் கவனியுங்கள். நின்றுகொண்டு ஊட்டினால் குழந்தை அண்ணாந்து பார்க்கும், தலை மறுபடியும் பின்னால் போய்விடும். கண்ணும் கண்ணும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும்.

தட்டில் என்ன இருக்கிறது

புதிதாக வருபவர்கள் இட்லி மெத்தென்றது, ரசம் சாதம் எளிதானது என்று நினைத்துவிடுகிறார்கள். ரசம் சாதம்தான் கடினமானவற்றில் ஒன்று. அதில் தண்ணீரும் பருக்கையும் பிரிந்து நிற்கின்றன. பருக்கையை மென்றுகொண்டிருக்கும்போதே தண்ணீர் தொண்டைக்குப் போய்விடும். ஒரே நேரத்தில் இரண்டு வேலை. சாம்பாரில் மிதக்கும் இட்லியும் அப்படித்தான். சாம்பார் இல்லாத இட்லி வாயில் உதிர்ந்து ஒட்டிக்கொள்ளும். குழைய வேகவைத்து மசித்த பருப்பு சாதமும், பருக்கை தெரியாமல் பிசைந்த தயிர் சாதமும், கெட்டியான ராகிக் கூழும் ஒன்றாகச் சேர்ந்து நகரும், ஆகவே எளிது. பொட்டுக்கடலை, வேர்க்கடலை, முறுக்கு, முழுத் திராட்சை, பொரி, பாப்கார்ன் ஆகியவை அடைப்பு ஆபத்து உள்ளவை. பெரிய நுங்குத் துண்டும் வழுக்கிக்கொண்டு போய் அடைக்கும்.

துண்டின் அளவையும் பாருங்கள். உணவின் பதத்துக்கு உலகளவில் 0 முதல் 7 வரை எண் கொடுக்கும் ஐ.டி.டி.எஸ்.ஐ. என்ற முறை இருக்கிறது. அதன்படி கொத்தி ஈரமாக்கிய உணவில் குழந்தைகளுக்குத் துண்டு 2 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, பெரியவர்களுக்கு 4. "மசிச்சுதான் கொடுக்கிறேன்" என்று சொல்லும் வீட்டில் ஸ்பூனைக் கையில் வாங்கி ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு வீட்டின் மசியலும் வேறு.

கையால் ஊட்டுவது தவறில்லை. சூடும் பதமும் உதட்டுக்கு முன் விரலுக்குத் தெரிகிறது, அளவைக் கவளத்திலேயே குறைக்க முடிகிறது. ஆனால் வாயில் எது பட்டாலும் தாடை இறுகிக் கடித்துக்கொள்ளும் அனிச்சை சில குழந்தைகளுக்கு உண்டு. அந்தக் கடியில் விரல் சிக்கினால் இழுக்கக் கூடாது, அது தளரும்வரை காத்திருக்க வேண்டும். அவர்களுக்கு எவர்சில்வர் ஸ்பூனுக்குப் பதில் உறுதியான, குழிவு குறைந்த பிளாஸ்டிக் ஸ்பூன் பொருந்தும், பல்லுக்கும் நல்லது.

கண்ணால் பார்ப்பது, காதால் கேட்பது

போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிடுங்கள். ஒரு வேளைச் சாப்பாடு 30 நிமிஷத்தைத் தாண்டுவது தினசரி வழக்கமாக இருந்தால் அது ஒரு அபாய அறிகுறி. அவ்வளவு நேரம் குழந்தை சிரமப்படுகிறது, ஆனால் அதற்கேற்ற சத்து கிடைப்பதில்லை.

ஸ்பூன் வந்ததும் உதடு மூடி உணவை எடுத்துக்கொள்கிறதா, இல்லை அம்மா மேல்பல்லில் உரசி விடுகிறாரா? நாக்கு உணவைப் பின்னால் தள்ளுகிறதா, வெளியே தள்ளுகிறதா? மெல்லும்போது தாடை மேலும் கீழும் மட்டும் போகிறதா, பக்கவாட்டிலும் சுழல்கிறதா, உணவு நாக்கால் கடைவாய்ப் பக்கம் போகிறதா? ஒரு வாய்க்கு எத்தனை முறை விழுங்குகிறது? விழுங்கும் முன் அடுத்த வாய் வருகிறதா? ஊட்டுபவர் குழந்தைக்காகக் காத்திருக்கிறாரா? கழுத்தில் மெல்ல விரலை வைத்தால் தொண்டை மேலேறி இறங்குவது தெரியும். தெரியாமல் இருந்தால் இன்னும் விழுங்கவில்லை.

காதுக்கு வருவோம். சாப்பாட்டுக்கு முன் குழந்தையின் குரலைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஒரு அழுகையாவது, ஒரு "ஆ"வாவது. சாப்பிட்டபின் அதே குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் கொழகொழவென்று கேட்டால், குரல்நாண்களின் மேல் எதுவோ தங்கியிருக்கிறது என்று அர்த்தம். மூச்சு வேகமாவது, கண்ணில் நீர் கோப்பது, முகம் வெளிறுவது அல்லது சிவப்பது, உடம்பு திடீரென்று விறைப்பது எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதிக்கொள்ளுங்கள். இருமலை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் இருமாத குழந்தைகளைத் தவறவிட்டுவிடுவோம்.

விரலில் பல்ஸ் ஆக்ஸிமீட்டரை மாட்டி எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களையும் பார்க்கிறேன். உணவு உள்ளே இறங்குகிறதா என்று அதை வைத்து முடிவு சொல்ல முடியாது. எண் இறங்காததால் பத்திரம் என்று நினைத்துவிடாதீர்கள்.

முதல் ஐந்து நிமிஷத்தையும் கடைசி ஐந்து நிமிஷத்தையும் ஒப்பிடுங்கள். பல குழந்தைகள் தொடக்கத்தில் சமாளிப்பார்கள், களைத்தபின்தான் தடுமாறுவார்கள். முடிந்ததும் வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே, அண்ணத்தில், பல்லில் என்ன மிச்சம் இருக்கிறது என்று. கழுத்தில் கட்டிய துண்டை ஊட்டும் முன்னும் பின்னும் எடை போட்டால் எவ்வளவு வழிந்துபோனது என்பது கிராமில் தெரிந்துவிடும்.

தண்ணீரைத் தனியாகப் பாருங்கள்

உணவை மட்டும் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். நீர்க்கப் பாயும் பொருள்தான் முதலில் கைமீறும். டம்ளரிலா, ஸ்பூனிலா, சிப்பரிலா, ஸ்ட்ராவிலா? தொடர்ந்து பல மடக்கு விழுங்க முடிகிறதா, ஒவ்வொரு மடக்குக்கும் நிறுத்தி மூச்சு வாங்குகிறதா? குடிப்பதற்கு வாயையே திறக்க மறுக்கும் குழந்தை பலமுறை தன்னைப் பாதுகாத்துக்கொள்கிறது. சென்னை வெயிலில் அந்தக் குழந்தைக்கு நீர்ச்சத்து குறைந்து சிறுநீர் மஞ்சளாகும், மலம் கட்டும். ஆகவே ஒரு நாளில் எத்தனை டம்ளர் உள்ளே போகிறது, எத்தனை முறை சிறுநீர் போகிறது என்று கேளுங்கள்.

கஞ்சியோ மோரோ எவ்வளவு கெட்டி என்பதை 10 மில்லி சிரிஞ்சால் அளக்கலாம். ஊசி இல்லாமல், பிஸ்டனை எடுத்துவிட்டு, முனையை விரலால் அடைத்து 10 வரை நிரப்பி, விரலை எடுத்து சரியாக 10 விநாடி விடுங்கள். மிச்சம் 1 மில்லிக்குக் குறைவாக இருந்தால் அது ஐ.டி.டி.எஸ்.ஐ. முறையில் நிலை 0, அதாவது தண்ணீர்ப் பதம். 1 முதல் 4 வரை இருந்தால் நிலை 1, 4 முதல் 8 வரை நிலை 2, 8க்கு மேல் நிலை 3. ஒன்றுமே வடியவில்லையென்றால் நிலை 4. சிரிஞ்சில் பூஜ்ஜியத்திலிருந்து 10 வரை உள்ள கோடு 61.5 மில்லிமீட்டர் நீளம் இருக்க வேண்டும். கடைகளில் கிடைக்கும் சிரிஞ்ச் எல்லாம் ஒன்றல்ல, ஸ்கேலை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இது நம் சமையலுக்கே உரியது. அரிசிக் கஞ்சியும் மாவுக் கூழும் எச்சிலில் நீர்த்துப்போகும். எச்சிலில் இருக்கும் நொதி மாவுச்சத்தை உடைக்கிறது. வாயில் பட்ட ஸ்பூனையே திரும்பத் திரும்பக் கிண்ணத்தில் விட்டால், தொடக்கத்தில் கெட்டியாக இருந்த கஞ்சி பத்து நிமிஷத்தில் தண்ணீராகிவிடும். கடைசி ஐந்து நிமிஷத்தில் வரும் இருமலுக்கு இது காரணமாக இருக்கலாம். ஊட்டும்போது சிறிது சிறிதாக வேறு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டால் போதும்.

நிலையைக் குறிப்பது

இங்கிலாந்தில் டயேன் செல்லர்ஸ் தலைமையிலான குழு 2014ல் வெளியிட்ட, உண்ணும், குடிக்கும் திறனுக்கான எடாக்ஸ் (EDACS) என்ற வகைப்பாடு இப்போது பல நாடுகளில் பயன்படுகிறது. மூன்று வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கானது, ஐந்து நிலைகள். 18 மாதம் முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்குத் தனியாக ஒரு சிறு வடிவம் உண்டு. நடக்கும் திறனுக்கு ஜி.எம்.எஃப்.சி.எஸ். நிலை இருப்பதுபோல இதுவும் தினசரி வழக்கத்தைச் சொல்கிறது. ஒரு நல்ல நாளில் செய்ததைப் பிடித்துக்கொண்டு நிலையைச் சொல்லக் கூடாது.

முதல் நிலையில் பத்திரமாகவும் சிரமமில்லாமலும் சாப்பிடும், குடிக்கும். இரண்டில் பத்திரம் உண்டு, ஆனால் நேரம் அதிகமாகும். கடினமானதும் ஒட்டுவதும் கலந்ததும் சிரமம், களைத்தால் இருமும். மூன்றில் பத்திரத்தில் ஓரளவு குறை உண்டு. மசித்ததும் சில மெத்தென்ற உணவும் மட்டும் முடியும், பெரிய கட்டி தொண்டையில் அடைக்கும். நான்கில் கட்டியில்லாத மசியல்தான் முடியும், மூச்சையும் விழுங்குதலையும் இணைப்பதில் தடுமாற்றம், உள்ளே இறங்குவதன் அறிகுறிகள் தெரியும். ஐந்தில் வாய் வழியாகப் பத்திரமாக உண்ண முடியாது, ருசிக்கு ஒரு சிறு துளி மட்டும் முடியலாம், குழாய் வழி உணவைப் பற்றி யோசிக்க வேண்டும். கூடவே ஒரு சொல் சேர்க்க வேண்டும்: தானாகவே, அல்லது உதவியோடு, அல்லது முழுக்க மற்றவரைச் சார்ந்து.

இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே தடுமாறினால், கட்டியாக இருப்பது அடைக்கும் ஆபத்து உண்டா என்று கேளுங்கள். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே தடுமாறினால் உள்ளே இறங்கும் அறிகுறியைத் தேடுங்கள். பெற்றோரோடு சேர்ந்தே முடிவு எடுங்கள். தினமும் மூன்று வேளை பார்ப்பவர்கள் அவர்கள். நிலை எண் காரணத்தைச் சொல்லாது. அது விரிவான பரிசோதனைக்கு மாற்றும் அல்ல.

எப்போது அனுப்ப வேண்டும்

திரும்பத் திரும்ப நெஞ்சுச் சளி, எடை ஏறாமை, கொழகொழத்த குரல், சாப்பிடும்போது நிறம் மாறுதல் இதில் ஏதாவது ஒன்று இருந்தாலே டாக்டரிடம் அனுப்புங்கள். எழும்பூரின் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை வடசென்னைக்கு அருகில் இருக்கிறது. தெற்கில் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறன் உள்ளோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. கோட்டூர்புரத்தில் வித்யாசாகர், தரமணியில் தமிழ்நாடு ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி ஆகியவை பெருமூளை வாதம் உள்ள குழந்தைகளோடு வேலை செய்கின்றன. டாக்டர் தேவை என்று நினைத்தால் பேரியம் கலந்த உணவை விழுங்கவைத்து வீடியோ எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார், அல்லது மூக்கு வழியே மெல்லிய கேமராவை விட்டுப் பார்ப்பார்கள். எக்ஸ்ரேக்குப் போகும்போது குழந்தை வீட்டில் சாப்பிடும் உணவையும் அதே ஸ்பூனையும் எடுத்துப் போகச் சொல்லுங்கள்.

ஊட்டும்போதே அடைத்து மூச்சும் சத்தமும் வரவில்லையென்றால், முன்னால் குனியவைத்து தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையால் ஐந்து முறை பலமாகத் தட்டுங்கள். ஒரு வயதுக்கு மேல் என்றால் அடுத்து வயிற்றை ஐந்து முறை உள்ளேயும் மேலேயும் அழுத்துங்கள். ஒரு வயதுக்குள் என்றால் அதற்குப் பதில் மார்பில் ஐந்து அழுத்தம். மாறி மாறிச் செய்துகொண்டே இருக்க, வேறொருவர் 108ஐக் கூப்பிடட்டும். பொருள் கண்ணுக்குத் தெரியாதபோது விரலை விட்டுத் துழாவ வேண்டாம்.

அம்மாவிடம் பேசுவது

இத்தனை வருஷமாக இந்த அம்மாவின் கையால்தான் இந்தக் குழந்தை உயிரோடு இருக்கிறது என்பதை மறக்காமல் பேசுங்கள். "நீங்க இப்படி ஊட்டுறது தப்பு" என்ற வார்த்தை வாயில் வரக் கூடாது. "இந்த மாதிரி உட்கார வெச்சப்போ இருமலே இல்லையே அம்மா, நீங்களும் பார்த்தீங்கதானே?" என்று அவர் கண்ணால் பார்த்ததையே சொல்லுங்கள். ஒரு சந்திப்புக்கு ஒரு மாற்றம் போதும். நிலை ஐந்து என்று தெரிந்தாலும் குழாயைப் பற்றிய பேச்சை வாசலில் நின்று சொல்லிவிட்டு வராதீர்கள். ஊட்டுவது நின்றுபோனால் தான் அம்மாவாக இருப்பதே நின்றுபோகும் என்று ஒருவர் என்னிடம் அழுதிருக்கிறார். குழாய் வைத்தபின்னும், டாக்டர் சரியென்றால், நாக்கில் ஒரு சொட்டுப் பாயசம் வைக்கலாம், சேர்ந்து உட்காரலாம் என்று சொல்ல எனக்கு இரண்டு மாதமும் நான்கு சந்திப்பும் தேவைப்பட்டன.

எழுதிவைப்பது

காய்ச்சலுக்கும் நிமோனியாவுக்கும் பின், மருந்து மாறும்போது, பல் முளைக்கும்போது, பருவ வயதில் உடம்பு சட்டென்று வளரும்போது மறுபடியும் பார்க்க வேண்டும். ஒன்றும் நடக்கவில்லையென்றாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. இன்று பார்த்ததை இப்படி எழுதினால் அடுத்து வருபவர் புரிந்துகொள்வார்:

"மதியம் 1.10. ஊட்டியவர் ஆயா, மடியில் சாய்ந்த நிலை. பருப்பு சாதம், மசியலில் பட்டாணி அளவு கட்டிகள். 22 நிமிஷம், 31 வாய். 14ஆவது நிமிஷத்துக்குப் பின் மூன்று முறை இருமல், குரல் கொழகொழப்பு. நாற்காலிக்கு மாற்றியபின் எட்டு வாய், இருமல் இல்லை. தண்ணீர் ஸ்பூனில் நான்கு, இரண்டாவதில் கண்ணில் நீர். கன்னத்தில் மிச்சம் உண்டு. டாக்டரிடம் அனுப்பியிருக்கிறேன். அம்மா இரவுச் சாப்பாட்டை நாற்காலியில் கொடுத்துப் பார்க்கிறேன் என்றார்."